துக்க வீட்டில் ஓடிய ஜூக்பொக்ஸ்

மகனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலம்தான். கொழும்பில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு நித்திரை கொண்டு, என் போனை எடுக்காமல் நலமாகத்தான் இருக்கிறாய். எனக்குத்தான் கோபத்தில் பிரசர் ஏறி நிற்கிறது. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பலாம். அனுப்ப மாட்டேன். உன் அப்பாவின் ஆண்டுத் திவசத்தன்று, படைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அத்தனை சொந்தக்காரருக்கும் முன்னால் நீ என்னைக் கேள்வி கேட்டாய். சபையில் கேட்ட கேள்விக்குச் சபையில்தான் பதில். இதை எழுதி முடித்ததும் படமெடுத்து, போனில் இருக்கும் நம் குடும்பக் குழுவில் போடப்போகிறேன். சின்னம்மாவும் வாசிக்கட்டும். கண்ணாடி போட்டு ஆறுதலாக வாசிக்கட்டும்.

நீ கேட்டது உனக்கு மறந்திருக்கும், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மறக்கவில்லை. உன் சித்தப்பாவின் மனைவி, அந்தச் சின்னம்மாதான், பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "அக்காவுக்கு என்னகா குறை? வெள்ளிக்கு வெள்ளி அத்தான்ட பாட்டுப் பெட்டி ஓடிக்கொண்டுதானே இரிக்கு. ஜன்னலுக்குள்ளால நானே என்ட கண்ணால கண்டனான்" என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்வதுபோல எல்லாருக்கும் சொன்னாள். நீ எழும்பினாய். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், குசினி பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. நீ நின்ற இடத்தில் நின்று, "அப்பா செத்து ஆண்டு முடியல்ல, நீங்க பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு இரிந்தீங்களா? வெக்கமில்லையா அம்மா உங்களுக்கு?" என்றாய். என் கையில் பாயாசச் சட்டி. நான் வாய் திறக்கவில்லை. பதில் இல்லாமல் அல்ல. அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அன்றைக்கு அந்த வீட்டில் சத்தம் போடுகிறவள் நானாக இருக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நீ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய்.

அது போதாதென்று மறுநாள் ஒரு வேலை பார்த்தாய். நான் வெள்ளென எழும்பிப் பிரசர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். நம்பர்த் துண்டு எடுத்து, வாங்குப் பலகையில் குந்தியிருந்து, மருந்தும் வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்தால், ஹோலின் மூலையில் அப்பாவின் பாட்டுப் பெட்டி, அந்த ஜூக்பொக்ஸ், இல்லை. அது நின்ற இடத்தில் தும்புத்தடி எட்டாத பழைய தூசி மட்டும் சதுரமாகக் கிடந்தது. நீ முற்றத்தில் கை கழுவிக்கொண்டு நின்றாய். "சித்தப்பாட கொட்டிலுக்குள்ள வெச்சிரிக்கு. பொம்புள வீட்டு ஆக்கள் கலியாணப் பேச்சு முற்றாக்க வரக்குள்ள அது இஞ்ச நிக்கக் கூடாது" என்றாய். கால் உடைந்த கதிரை ஒன்றை அப்புறப்படுத்தியவன் பேசுகிற மாதிரிப் பேசினாய். பின்னேர பஸ்ஸில் கொழும்புக்கும் போய்விட்டாய். சித்தப்பாவின் கொட்டில் வாவிக் கரையோடு இருக்கிறது, மாரி பெய்தால் தண்ணீர் அதன் வாசலுக்கு வரும், ஆணிகூட அங்கே ஒரு வருடத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அது தெரிந்துதான் அங்கே வைத்தாய்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். இது என் வீடு. என் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. நம் பக்கத்தில் கலியாணம் கட்டுகிற ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்த்தான் குடியிருப்பான். உன் அப்பா அப்படித்தான் இங்கே வந்தார், நீயும் அப்படித்தான் மண்டூரில் உனக்குப் பேசியிருக்கிற பெண்ணின் வீட்டுக்குப் போகப்போகிறாய். போகப்போகிறவன் என் ஹோலில் எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று எப்படிச் சட்டம் போடுவாய்? உன் அப்பா இந்த வீட்டில் என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் என்னைக் கேட்காமல் ஒரு ஓலைக் கிடுகைக்கூட இடம் மாற்றியதில்லை. பயந்து அல்ல. வந்து சேர்ந்த வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஜூக்பொக்ஸ் இந்த வீட்டுக்கு வந்த கதையும் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இளவயதில் அப்பா மட்டக்களப்பு டவுனில் ஒரு கூல் பாரில் வேலை செய்தவர். அந்தக் கடையின் நடுவில் நின்றது இது. கண்ணாடி முகம், எழுத்தும் இலக்கமும் போட்ட பொத்தான் வரிசை, உள்ளே நிறுத்தி அடுக்கிய சின்ன இசைத்தட்டுகள். பொத்தானை அமத்தினால் ஒரு இரும்புக் கை நகர்ந்து வந்து, கேட்ட தட்டை எடுத்து, சுழலும் மேடையில் வைக்கும். ஊசி தானாக இறங்கும். அதைப் பார்க்கவே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் குடிக்க வருவார்களாம். கசெட் வந்ததும் அதைக் கேட்பாரில்லை. முதலாளி பின்பக்கம் தள்ளி, அதன் தலையில் சோடாப் பெட்டிகளை அடுக்கிவிட்டார். அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் கலியாணம் முடிந்து அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது மாட்டு வண்டிலில் ஒரு உடுப்புப் பையும், சாக்குச் சுற்றிய இந்தப் பெட்டியும் வந்தன. உன் பெரிய மாமா, மாப்பிள்ளை அலுமாரியோடு வருகிறார் என்று நினைத்துக் கை கொடுத்து இறக்கிவிட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்து, "அலுமாரி நல்லந்தான் மச்சான், கதவு எங்கால இரிக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு இந்த வளவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் என்று அதைத் தூக்கி எவருடைய கொட்டிலிலும் போடவில்லை. வந்த மனிதர் கொண்டுவந்த சாமான் அது, இடம் கொடுத்தேன்.

அதைப் பராமரிக்க அப்பாவுக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்குப் பாட்டுப் போடத்தான் தெரியும். முதல் தீபாவளிக்கு என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் எல்லாரும் எண்ணெய் தேய்த்து முழுகுகிறோம், இது மட்டும் ஏன் காய்ந்து கிடக்க வேண்டும் என்று, கிண்ணத்தில் நல்லெண்ணெய் எடுத்துப் பின்கதவைத் திறந்து, பல்லுச் சில்லுகளுக்கும் அச்சுக்கும் தலை முழுக்காட்டுகிற மாதிரி வார்த்துவிட்டார். அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது. பொங்கலுக்குள் எண்ணெய் பிசினாக இறுகி, இரும்புக் கை பாதி வழியில் தட்டைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய் வாசத்துக்கு எறும்பு வந்து, மின்சாரம் போகிற தொடுப்புகளுக்கு நடுவே புற்றுக் கட்டியது. நான் கத்தினேன். வண்டிலில் வந்த மாதிரியே வண்டிலில் திருப்பி அனுப்புவேன் என்று கத்தினேன், பெட்டியையா அவரையா என்று சொல்லாமல். அவர் எழும்பிக் குசினிக்குப் போனார். ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெயும் பழைய பல்லுத்தூரிகையும் எடுத்துக்கொண்டு குந்தினார். ஒரு பல்லைத் துலக்கிவிட்டு மற்றதை விடுகிறார், கழற்றியதை எங்கே வைத்தார் என்று அயத்துப் போகிறார். பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நானும் பக்கத்தில் குந்தினேன். அன்றைக்குத்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று முதன்முதலில் பார்த்தேன். கோபத்தோடு திறந்து பார்த்ததால்தானோ என்னவோ, ஒன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அதன் வைத்தியம் எல்லாம் என் கையில், ரசிப்பது அவர் பங்கு.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, சண்டைக் காலத்தில், ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தது. உன்னை நான் இடுப்பில் வைத்திருந்தேன். அப்பா தோளில் ஒரு மூட்டை. அரிசியாக்கும் என்று நினைத்தேன். பாதி வழியில் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது அவிழ்த்துப் பார்த்தால், என் கூறைச் சேலைக்குள் ஜூக்பொக்ஸின் ஊசியும், பல்ப் மாதிரி உள்ளே எரிகிற வால்வுகளும். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவரை ஏசினேன் தெரியுமா? "புள்ளைக்குப் பால்மா இல்ல, நீங்க வால்வத் தூக்கிக்கொண்டு வாறீங்க" என்றேன். "கண்ணாடிச் சாமான், விட்டுட்டு வந்தா உடைஞ்சிரும்" என்றார் மெல்லமாக. திரும்பி வந்தபோது கூரையில் பாதியைக் காணவில்லை, ஜூக்பொக்ஸின் அடித்தட்டில் யாருடையதோ கோழி அடை கிடந்தது. கோழியைக் கலைத்து, துடைத்து, வால்வுகளைச் செருகிக் கரண்ட் வந்த அன்று ஓடவிட்டோம். பாடியது. ஆனால் நொண்டி நொண்டிப் பாடியது.

ஏன் நொண்டியது என்று நீயும் தெரிந்துகொள், குடும்பக் குழுவில் இருக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும், ஏனென்றால் நீ என்னை வெட்கமில்லாதவள் என்று சொன்னதற்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. மோட்டரின் தண்டுக்கும் தட்டுச் சுழலுகிற மேடைக்கும் நடுவே ஒரு சின்ன றப்பர் சில்லு இருக்கிறது. மோட்டர் சுற்றினால் அது சுற்றும், அது உரசி மேடையைச் சுற்றும். நெடுகலும் ஓடாமல் நின்றால், தண்டு அழுத்திக்கொண்டு நிற்கிற அந்த ஒரே இடத்தில் றப்பர் பள்ளமாகிவிடும். பிறகு அந்தப் பள்ளம் வரும்போதெல்லாம் பாட்டு ஒரு தரம் இடறும். அந்தச் சில்லை எங்கே வாங்குவது? செய்தவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ, இருக்கிறார்களோ இல்லையோ. புது றப்பர் செருப்பு ஒன்றின் குதியை வட்டமாக வெட்டி, மாக்கல்லில் தேய்த்துத் தேய்த்து நானே ஒன்று செய்தேன். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல், விளக்கு வைத்த கையோடு, நானோ அப்பாவோ அதை ஒரு பாட்டுக்காவது ஓடவிடுவோம். அவருக்கு அது பாட்டு நேரம். எனக்கு அது சில்லைக் காப்பாற்றுகிற நேரம்.

பிறகு அப்பா போனார். செத்த வீடு, எட்டு, முப்பத்தோராம் நாள் எல்லாம் முடிந்து நீங்கள் எல்லாரும் உங்கள் உங்கள் இடங்களுக்குப் போனீர்கள். துக்கம் காக்கிற வீட்டில் ஆண்டு முடியும்வரை பாட்டுக் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? டீவியைத் துணி போட்டு மூடியது நான். பக்கத்து வீட்டுப் பூப்பு நீராட்டுக்குப் போகாமல் இருந்தது நான். ஆனால் றப்பருக்குத் துக்கம் தெரியுமா? வருடம் முழுக்க நிறுத்தி வைத்தால் பள்ளம் விழும், கிறீஸ் இறுகும், உப்புக் காற்றில் செம்பெல்லாம் கறுக்கும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில், சத்தக் குமிழை அடியோடு குறைத்துவிட்டு ஓடவிட்டேன். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடலாமே என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பாய். கழற்றிவிட்டு ஓட்டினால் உள்ளே ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகும், அது வேறு கதை. லைட் எரிந்தது, தட்டுச் சுற்றியது, சத்தம் இல்லை. சின்னம்மா ஜன்னலுக்குள்ளால் கண்டது அதைத்தான். கண்டவள் உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடித்து, "ஏன்கா அக்கா இது ஓடுது?" என்று கேட்டிருக்கலாம். ஒழுங்கை தாண்டினால் அவள் வீடு. அந்த வருடம் முழுக்க எத்தனை தரம் இந்தப் படலையைத் திறந்தாள் என்று அவளே குழுவில் எழுதட்டும்.

இதோடு நிறுத்தினால் நான் தப்பிவிடுவேன். சத்தமே இல்லை, அம்மா பாவம், இயந்திரத்தைப் பராமரித்திருக்கிறாள் என்று எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு உங்கள் பாவம் வேண்டாம். ஆகவே மிச்சத்தையும் சொல்கிறேன். சத்தத்தை முழுக்கக் குறைத்தாலும் அது பாடும். ஊசி தட்டில் உரசுகிறதே, அந்த இடத்திலேயே பாட்டு எழும்பும், ஸ்பீக்கர் வேண்டாம். எறும்பு பாடினால் அப்படித்தான் இருக்கும். மேல் கண்ணாடியைத் தூக்கிக் காதைக் கிட்டக் கொண்டுபோனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். முதல் வெள்ளிக்கிழமை தற்செயலாகக் கேட்டது. அப்பா எப்போதும் போடுகிற தட்டுத்தான் அது. அந்தப் பாட்டில் மூச்சு இழுக்கிற இடத்தில் அவரும் மூச்சு இழுப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை தற்செயல் இல்லை. ஒரு வாங்கை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்குள் தலையை வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரைக்கும் இருந்தேன். வருடம் முழுக்க இருந்தேன். ஓம் மகன், பாட்டுக் கேட்டேன். உன் கேள்விக்குப் பதில் அதுதான். வெட்கம் ஒரு துளிகூட இல்லை. நீங்கள் எல்லாரும் போனபிறகு இந்த வீட்டில் எனக்குக் கேட்ட ஒரே குரல் அது. போன் எடுத்தால், "சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, சரி வைக்கிறன்" என்று வைக்கிற உன் குரலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நீ போன இரண்டாம் நாள் நம் வயல் வட்டையில் உழவு மெசின் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். சின்னம்மா வாசலில் நின்றாள், நான் அவளைத் தாண்டிக்கொண்டு போனேன். உள்ளே உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் அது மல்லாக்கக் கிடந்தது. மல்லாக்க! அந்த இயந்திரம் முழுவதும் உள்ளே ஸ்பிரிங்குகளின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அதை அசைப்பதற்கு முன் மூலைகளில் இருக்கிற திருகாணிகளை இறுக்கி, உள்ளே எதுவும் ஆடாமல் பூட்ட வேண்டும். தட்டுகளைக் கழற்றித் தனியாக எடுக்க வேண்டும். மாட்டு வண்டிலில் கொண்டுவந்த உன் அப்பாவுக்கே அது தெரிந்திருந்தது. நீ ஒன்றும் இறுக்காமல், ஒன்றும் கழற்றாமல், ஒருவரையும் கேட்காமல் தூக்கிச் சரித்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். நான் கொட்டிலிலேயே குந்தியிருந்து திருகாணிகளை இறுக்கி, பழஞ்சேலையால் இரும்புக் கையைக் கட்டி, நிமிர்த்தி, மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினேன். "மெல்லமா ஓட்டுங்க தம்பி, மேடு பள்ளம் பார்த்து" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்து வந்தேன். "என்னகா இது, புள்ளப் பெத்தவவக் கூட்டிக்கொண்டு போற மாதிரி இரிக்கு" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழி முழுக்க உன்னை ஏசிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் திறந்து பார்த்தபோது அந்த ஏச்சும் நின்றுவிட்டது. ஒரு ஸ்பிரிங் கொளுவியிலிருந்து கழன்று தொங்கியது. ஒரு வால்வு வெடித்திருந்தது. இரும்புக் கை நெளிந்து, தட்டை எடுக்கப் போய் வெறும் வெளியைப் பிடித்தது. அடுக்கிலிருந்த தட்டுகளில் சில விளிம்பு உடைந்து கிடந்தன. அப்பாவின் தட்டு உடையவில்லை, அதை முதலில் பார்த்தேன். ஸ்பிரிங்கைக் கொக்கிக் கம்பியால் இழுத்துக் கொளுவினேன். அப்பா கூறைச் சேலையில் சுற்றிக் காப்பாற்றிய வால்வுகளில் மிச்சம் வைத்திருந்த ஒன்றைச் செருகினேன். தொடுப்புகளுக்கு நடுவே ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைக் கடதாசித் துண்டை விட்டு இழுத்து, கடதாசி கறுக்காமல் வரும்வரை இழுத்தேன். கையை நிமிர்த்துவதுதான் கஷ்டம். குறட்டால் நெரித்தால் முறிந்துவிடும். மேலேயிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கு நேராக வரும்வரை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். வளைத்து, ஓடவிட்டு, பிழைத்து, திரும்ப வளைத்து. நாட்கள் போயின. முதுகு போயிற்று. கையிலிருந்து கோபம் இறங்கினால்தான் அந்த வேலை நடக்கும், ஆகவே தொடங்க முன் ஒவ்வொரு நாளும் முற்றத்தில் இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து குந்துவேன். எழும்பியதும் கோபம் திரும்ப ஏறிவிடும். அதற்கு நான் மருந்து தேடவில்லை. கடைசியில் கை தட்டை எடுத்தது, வைத்தது, ஊசி இறங்கியது. ஆண்டு முடிந்துவிட்டதால் குமிழைத் திருகினேன். சின்னம்மாவின் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அன்று பின்னேரம் நீயே எனக்குப் போன் எடுத்தாய். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, தெரியும். "அந்தப் பெட்டி ஹோலுக்குள்ள நிண்டா நான் வர மாட்டன். அவங்களோட நீங்களே பேசி முடியுங்க" என்றாய். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டபோது, "அந்தப் புள்ளட அம்மாவே கேட்டவ, உங்கட அம்மா துக்கத்துக்குள்ள பாட்டுக் கேக்குறவவாமே எண்டு. என்ட முகத்த எங்க கொண்டுபோய் வைக்கிற?" என்றாய். அது எனக்குப் பட்டது மகன். நீ சபையில் கேட்டதைவிடப் பட்டது. என்னால் உனக்கு ஒரு கலியாணம் குழம்பக் கூடாது என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன். பெண்ணின் தாய்க்கு என்மேல் குறை இருந்தால் அவளிடமே போய்ச் சொல்வது, அவள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் பெட்டியை நானே வீட்டைவிட்டு அனுப்புவது என்று. கேள், அனுப்பத் தயாராகத்தான் போனேன்.

நேற்றுக் காலை குருமண்வெளித் துறையில், அக்கரைக்குப் போகிற பாதைப் படகில் ஏறினேன். மோட்டர் சைக்கிள்காரரும் மீன் கூடைக்காரிகளும் அந்த மிதவையில் நெருக்கியடித்து நின்றார்கள், நான் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வாவியைக் கடந்தேன். அந்த வீட்டில் பெண்ணின் அம்மா நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும் பதறிப்போய் உள்ளே கூட்டிக்கொண்டு போனா. நான் கதிரையில் இருக்க முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை, றப்பர் சில்லு, சத்தக் குமிழ், கண்ணாடிக்குள் தலை வைத்துக் கேட்டது, நீ சபையில் கேட்டது, கொட்டில் எல்லாம். அந்த மனிசி வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, "எங்களுக்கு அப்பிடி ஒரு பெட்டி இரிக்கெண்டே தெரியாது அக்கா. நான் உங்கட மகனிட்ட ஒண்டும் கேக்கல்ல. ஆண்டு முடியட்டும் எண்டார், ஓம் எண்டம். அதுக்கு மேல ஒரு கதையும் இல்ல" என்றா. பொய் சொல்லியிருக்கிறாய். உனக்கு வந்த வெட்கத்தை அந்த மனிசியின் வாயில் வைத்து எனக்கு எறிந்திருக்கிறாய். நான் அவ்விடத்தில் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, பிழையாக விளங்கிக்கொண்டேன் போல என்று உனக்காக இன்னொரு பொய் சொன்னேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

அப்போதுதான் அந்த ஹோலைச் சரியாகப் பார்த்தேன். நடுவில், வாசலைப் பார்த்தபடி ஒரு கட்டில். கட்டிலில், நீ கட்டப்போகிற பிள்ளையின் அப்பா. வாதம் அடித்து ஒரு பக்கம் இழுத்துப்போன மனிதர், பேச்சில்லை, வாய் ஓரத்தால் வழிகிறது. ஹோலில் காற்று வரும், ரோட்டில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அங்கேயே வைத்திருக்கிறார்கள். நீ பெண் பார்க்கப் போன அன்று மாமரத்தடியில் கதிரை போட்டுப் பேசி அனுப்பியிருக்கிறார்கள், உள்ளே போகவில்லையாம். நான் கொட்டிய கதை முழுவதையும் அந்தப் பிள்ளை கட்டிலோரம் இருந்து, அப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு கேட்டிருக்கிறாள். நான் வெளிக்கிட எழும்பியபோது கோப்பையைக் கீழே வைத்தாள். அப்பாவின் வாயைத் துணியால் துடைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, கோபமில்லாமல், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மாமி, அவர் இஞ்ச வந்த புறகு, ஆக்கள் வாற நேரம் என்ட அப்பாவையும் எங்கயாவது எடுத்து வைக்கச் சொல்லுவாரோ?"

உன்னைப் பற்றி ஊரில் எவராவது ஒரு சொல் சொன்னால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவள் நான். என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் மகள் என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அந்த மனிதர் கட்டிலில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படலைக்கு வந்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் வருகிறார்கள். நீயும் வா. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லாத பதிலை நீ சொல்லு.

அம்மா